அரைப்பேர் போடாத கணக்கு

ஆசிரியருக்கு,

இரட்சிப்பு இலவசம் என்று பிரசங்கம் செய்வதால்தான் சனங்கள் பொறுப்பில்லாமல் போகிறார்கள், சும்மா கிடைப்பதற்கு மதிப்பில்லை என்று போன ஞாயிறு இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார், ஆனாலும் அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

நான் இலங்கை மலையகத்தில் டிக்கோயா பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா முப்பத்தி நாலு வருஷம் கொழுந்தெடுத்தார். சாயந்தரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடையைத் தராசில் மாட்டியதும் முள் எங்கே போய் நிற்கிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார், கூடைக்கு இவ்வளவு, ஈரக் கொழுந்துக்கு இவ்வளவு என்று கழித்த பிறகு கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான். நாள் முழுக்க மழையில் நனைந்ததோ அட்டை கடித்ததோ எந்தக் கணக்கிலும் வராது. அந்தத் தராசு அவருடைய ஜெபத்துக்குள்ளேயும் வந்து தொங்கிக்கொண்டிருந்தது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. சுகமில்லாமல் படுத்திருந்தபோது ஒருநாள், "ஆண்டவர்கிட்ட எனக்கு அரைப்பேர்தான் புள்ள, கோயிலுக்கும் ஒழுங்கா போகல, கோபக்காரி வேற" என்றார்.

நான் ரோமர் 6:23-ஐ எடுத்து வாசித்தேன். பாவத்தின் சம்பளம் மரணம், தேவனுடைய கிருபைவரமோ நித்தியஜீவன். சம்பளம் என்ற சொல்லில் அம்மா நிறுத்தச் சொன்னார். "சம்பளம்னா நாம உழைச்சது. மத்தது வரமா?" மறுபடி வாசிக்கச் சொன்னார், மூன்று தரம். அப்புறம், "அப்ப அங்க நிறுக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். நிறுக்க மாட்டாங்கம்மா என்றேன். மத்தேயு 20-ல் பொழுது சாயப் போகிற நேரத்தில் தோட்டத்துக்கு வந்தவனுக்கும் முழுப்பேர் போட்ட எஜமானைப் பற்றியும் சொன்னேன்.

நம் சபைகளிலும் ஒரு தவறு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். நம் முன்னோர்கள் காலத்தில் துண்டு என்று ஒன்று இருந்தது. ஆட்களைத் தோட்டத்துக்குக் கூட்டி வந்து வேலை வாங்கிய பெரிய கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்க்காமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாது, இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று பழைய தோட்டம் எழுதிக் கொடுக்கிற சீட்டுதான் துண்டு, இன்னொரு தோட்டம் அந்தக் கடனை ஏற்றுக்கொண்டால்தான் போக முடியும். ஆனால் கடன் தீராது, பழைய தோட்டத்தில் இருந்தது புதிய தோட்டத்தின் கணக்குக்கு மாறும், அவ்வளவுதான். 1921-ல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். சில ஊழியக்காரர்கள் இன்றும் இரட்சிப்பை இந்தத் துண்டு மாதிரிதான் சொல்கிறார்கள், இயேசு உன் கடனை அடைத்தார், ஆகவே இனிமேல் காணிக்கையாகவும் உபவாசமாகவும் நீ அவருக்குக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று. கொலோசெயர் 2:14 அப்படிச் சொல்லவில்லையே. நமக்கு விரோதமாக இருந்த கையெழுத்தைக் குலைத்து, அதைச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்றுதான் இருக்கிறது. கடன் சீட்டே இல்லை, பிறகு யார் கணக்கில் எழுதுவது?

விலையில்லாதது என்று அந்த வாசகர் நினைக்க வேண்டாம். விலை இருந்தது, கொடுத்தது நாமில்லை. இதில் நாம் செய்ய வேண்டியது கையை நீட்டி வாங்குவது மட்டும்தான், பிறந்த நாளிலிருந்து நிறுத்து நிறுத்தே கூலி வாங்கிய சனங்களுக்கு அதுதான் பெரிய கஷ்டமாக இருக்கிறது. அம்மாவுக்கே பல நாள் எடுத்தது. சரி என்று ஒத்துக்கொண்ட அன்றைக்கு அவர் அழுத மாதிரி அப்பா செத்தபோதுகூட அழவில்லை.

பொறுப்பில்லாமல் போனாரா என்றால், அதற்குப் பிறகு அம்மா ஐந்து மாதம் இருந்தார். பக்கத்துக் காம்பரா வீட்டு அக்காவோடு, தண்ணீர் பிடிக்கும் பீலியில் வந்த தகராறில் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. யாரும் சொல்லாமலேயே ஒருநாள் என்னை அனுப்பி அவரைக் கூப்பிட்டு வரச் சொன்னார். அந்த அக்கா வாசல் திண்ணையான இஸ்தோப்பில் தயங்கி நின்றார், அம்மா பாயில் கொஞ்சம் ஒதுங்கிப் படுத்து இடம் விட்டார்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
டிக்கோயா