பாப்பாவுக்கு, மேல் படிப்பு விஷயமா அப்பா எழுதறது

பாப்பா, நல்லா இருக்கியா கண்ணு. போன்ல பேசினா நீ சரிப்பா சரிப்பான்னு வெச்சுடுவ, அதான் வாட்ஸ்ஆப்ல நீளமாவே டைப் பண்றேன், ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்து நிதானமா படி.

வெளிநாட்டுல சீட் வாங்கித் தர்றாங்கன்னு நீ சொன்ன அந்த கன்சல்டன்சிக்கு நானும் அம்மாவும் போயிட்டு வந்தோம், அஞ்சு ரோடு பக்கம் மாடியில இருக்கு. செவுரு பூரா பாஸ்போர்ட்ட புடிச்சிட்டு நிக்கற பசங்க போட்டோ. உன் மார்க் ஷீட் ஃபைல டேபிள் மேல வெச்சேன், அந்தப் பையன் அத தொறக்கவே இல்ல, சொந்த வீடா, பத்திரம் யாரு பேர்ல இருக்குன்னு தான் மொதல்ல கேட்டான். அப்புறம் கனடால ஒரு வருஷ டிப்ளமா, முடிச்சா வேலை பர்மிட் கன்ஃபார்ம்ங்கறான். எனக்கு மனசு ஒப்பல.

வீட்டுக்கு வந்து தம்பிய உக்கார வெச்சு கனடா கவர்மென்ட் சைட்டயே பாத்தோம். வெளிநாட்டு பசங்கள சேத்துக்க அனுமதி உள்ள காலேஜ் லிஸ்ட் ஒண்ணு இருக்கு, டிஎல்ஐ லிஸ்ட்டுன்னு பேரு, காலேஜ் அதுல இருந்தா ஸ்டடி பர்மிட்டுக்கு அப்ளை பண்ணலாம், அவ்ளோதான். படிச்சு முடிச்சு வேலை பாக்கற பர்மிட் வேற. 2024 நவம்பர் 1 லிருந்து அப்ளை பண்றவங்க டிப்ளமா, சர்டிபிகேட் படிச்சா அந்த கோர்ஸோட துறை தனியா ஒரு லிஸ்ட்ல இருந்தாத்தான் வேலை பர்மிட். மாஸ்டர்ஸ்க்கு அந்த கண்டிஷன் இல்ல, தகுதியுள்ள காலேஜ்ல ஒரு வருஷ மாஸ்டர்ஸ் படிச்சாலும் 3 வருஷ பர்மிட் கெடைக்குது. அதே ஊரு, அதே ஒரு வருஷம், எவ்ளோ வித்தியாசம் பாரு! அங்க இருக்கற செலவுக்கு கையில 10,000 கனடா டாலர் இருக்குன்னு காட்டினா போதும்னான் அந்தப் பையன், அது 2023 வரைக்கும். 2025 செப்டம்பர்லிருந்து 22,895, நம்ம காசுக்கு 14, 15 லட்சம் கிட்ட, பீஸும் டிக்கெட்டும் தனி. அங்க உள்ளூர் பசங்க கட்டற பீஸ் வேற, நம்மள மாதிரி வெளிநாட்டு பசங்களுக்கு பல மடங்கு.

நீ கருப்பூர் கவர்மென்ட் காலேஜ்ல கவுன்சிலிங்ல சீட் வாங்கி மெட்டலர்ஜி படிச்ச புள்ள. அந்த நாலு வருஷ பி.ஈ-ய வெச்சுகிட்டு எதுக்கும்மா டிப்ளமாவுக்கு எறங்கி போகணும்? ஜெர்மனிய பாரு, அங்க பெரும்பாலான கவர்மென்ட் யுனிவர்சிட்டில நமக்கும் டியூஷன் பீஸ் கெடையாது, செமஸ்டருக்கு சின்னதா ஒரு தொகை தான். எல்லா எடத்துலயும் அப்படி இல்ல, ஸ்டுட்கார்ட் இருக்கற மாநிலத்துல செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் டெக்னிகல் யுனிவர்சிட்டியும் இப்ப வாங்கறாங்க. ஆக்கன்ங்கற ஊரு யுனிவர்சிட்டில உன் துறை பெருசா இருக்கு. விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட்னு ஒண்ணுல, மொத்தமா எடுக்க முடியாத கணக்கு அது, 11,904 யூரோ போடணும், ஆனா அது யாருக்கும் கட்டற பணம் இல்ல, மாசம் 992 யூரோவா உனக்கே திரும்ப வரும், உன் சாப்பாடு வாடகைக்கு. நம்ம படிப்பு சர்டிபிகேட் எல்லாம் நெஜம் தானான்னு ஜெர்மன்காரங்க செக் பண்ணி தர்ற ஏபிஎஸ் சர்டிபிகேட் வாங்கணும், அத இப்பவே ஆரம்பிச்சா நல்லது. பாஷையும் கத்துக்க, பாடம் இங்கிலீஷ்ல இருந்தாலும் ஃபேக்டரில அவங்க பாஷை தான்.

இன்னொன்னு, கேட் என்ட்ரன்ஸ் எழுதி ஐஐடி மெட்ராஸ்ல எம்.டெக் கெடைச்சா மாசம் 12,400 ரூபா அவங்களே தர்றாங்க. அம்மாவுக்கு அது தான் ஆசை, எனக்கும் கொஞ்சம் இருக்கு, ஆனா நீ கடல் தாண்டி போறதுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன் சாமி. பத்திரத்த பேங்க்ல வெக்கறதுலயும் வருத்தம் இல்ல, உன் படிப்புக்கு இல்லாத வீடு எதுக்கு. பட்டறைல டச், அதான் சுத்தம் எவ்ளோன்னு, பாக்காம ஒரு கிராம் வெள்ளி வாங்க மாட்டோம், பேர் தெரியாத காலேஜுக்கு மட்டும் எப்படி லட்சக்கணக்கா கட்டறது, அது தான் என் கேள்வி.

அந்த பையன் உனக்கு அனுப்பின ஆஃபர் லெட்டர போட்டோ எடுத்து அனுப்பு, காலேஜ் பேரும் கோர்ஸ் பேரும் தெளிவா தெரியணும். தம்பி லிஸ்ட்ல தேடி பாக்கறேங்கறான். அது வரைக்கும் சீட் பிளாக் பண்ண பணம் கட்டுன்னு எத்தன தடவ போன் பண்ணாலும் ஒரு ரூபா கூட ஜிபே பண்ணாத. ஞாயித்துக்கெழம மத்தியானம் நானே கூப்பிடறேன்.

அப்பா