கொண்டு வரும் குப்பை இனி வீட்டுக்கே திரும்பும்

அன்புள்ள பெற்றோருக்கு,

பாடசாலைக் கிணற்றுக்குப் பின்னால் குழி வெட்டி, வெள்ளிக்கிழமைகளில் குப்பை எரித்து வந்தோம். பல வருடப் பழக்கம், நானும் தடுக்கவில்லை. போன மாதம் கச்சான் காற்றில் புகை முழுக்கத் தரம் 2 வகுப்புக்குள் போய், ஒரு பிள்ளைக்கு இழுப்பே வந்துவிட்டது. தவறு என்னுடையது. அன்றோடு எரிப்பதை நிறுத்திவிட்டேன்.

குழியை மூடுமுன் கிளறிப் பார்த்தோம். பாதி வெந்த லஞ்ச் சீட்டும் (சோறு கட்டும் பொலித்தீன் தாள்) யோகட் கப்பும்தான். லஞ்ச் சீட்டுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தது. தடை வர்த்தமானியில் இருக்கிறது, சீட் பிள்ளையின் பையில் இருக்கிறது!

வீட்டு முற்றத்திலும் எரிக்க வேண்டாம். பொலித்தீன் புகையின் நுண்துகள் நுரையீரலின் அடிவரை போகும். பிள்ளைகள் நம்மைவிட வேகமாக மூச்செடுப்பதால் அவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். வயர் உறை, பிவிசி குழாய் எரிந்தால் டயொக்சின் என்ற நஞ்சும் உண்டாகும். அது உடம்புக் கொழுப்பில் வருடக்கணக்கில் தங்கும்.

சரி, எரிக்காமல் வளவு மூலையில் குவித்தால்? ஐப்பசி மழை வரப்போகிறது. டெங்கு நுளம்பின் முட்டை சிரட்டை, கப், டயரின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு வந்தது நினைவிருக்கும்.

அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் இறந்ததை வகுப்பில் சொன்னபோது, "யானைக்கு அது சாப்பாடு இல்லையென்று தெரியாதா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. சோறும் கறியும் ஒட்டிய சீட் அதற்குச் சோறாகத்தானே மணக்கும்?

ஆகவே திங்கட்கிழமை முதல், பிள்ளை கொண்டு வரும் வெற்றுப் பக்கற், கப், சீட் எல்லாம் அதே பையில் வீட்டுக்குத் திரும்பும். கோபிக்க வேண்டாம். சாப்பாட்டுப் பெட்டியில் கொடுத்துவிடுங்கள், வாழையிலை இன்னும் நல்லது. இலை தென்னையடிக்குப் போகும். பெட்டி வாங்க வசதி இல்லாதவர்கள் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். பழைய மாணவர்கள் கொஞ்சம் வாங்கித் தந்திருக்கிறார்கள்.

அப்புறம், சனிக்கிழமை காலை 7 மணிக்குச் சிரமதானம். பின்பக்கக் கான் பொலித்தீனால் அடைத்துக் கிடக்கிறது. மழை வந்தால் அத்தனையும் நேரே வாவிக்குத்தான் போகும். மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். தேநீர் பாடசாலையில் தருவோம், கோப்பை மட்டும் வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
அதிபர்