1975-லிருந்து தொடங்கலாமே

ஆசிரியருக்கு,

எக்ஸ்-மென் என்ற அமெரிக்க சூப்பர் ஹீரோ குழுவின் காமிக்ஸை 1963-இல் வந்த முதல் இதழிலிருந்தே படிக்கச் சொல்லி ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். 61 வயதில் புதிதாக நுழைந்த நான் அப்படித்தான் தொடங்கினேன். ஏழாவது இதழிலேயே கொட்டாவி வந்துவிட்டது. அப்புறம் மகள் 1975-இல் வந்த சிறப்பிதழைக் கையில் கொடுத்தாள். கென்யாவில் ஸ்டார்ம், ஜெர்மனியில் வால் முளைத்த நைட்கிராலர், சோவியத் பண்ணையில் கொலாசஸ் என்று குழுவுக்குப் புது ஆள் சேர்ப்பதில்தான் கதையே ஆரம்பம். அவர்களே ஒருவருக்கொருவர் புதுமுகம் என்பதால், கல்யாண வீட்டில் யார் யாருக்கு என்ன உறவென்று தெரியாமல் முழிப்பதுபோல் நாம் முழிக்க வேண்டியதில்லை. அந்தப் புதுமுகங்களில் எனக்குப் பிடித்தது தண்டர்பேர்ட். சரி, இவன் தேறுவான் என்று நினைத்தால், தொடரின் 95-ஆம் இதழில் வில்லன் தப்பிப் போகும் விமானத்தின்மேல் ஏறிக் குத்தி, அதோடு சேர்ந்து வெடித்துப் போகிறான். மேசையில் இருந்த காபியை அன்று குடிக்கவே இல்லை.

– ஓய்வுபெற்ற தட்டச்சர், கும்பகோணம்