ஏழு சனிக்கிழமைப் பின்னேரங்கள்: வன்னிப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

அடுத்த ஆண்டுக்கான பாதீட்டில் நூலகத்துக்கென்று புத்தகக் கொள்வனவு, பத்திரிகை, மின்கட்டணம், வாசிப்பு மாதம் என்று செலவினங்கள் இருக்கும். அவற்றோடு இன்னொரு செலவினத்தையும் சேருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். குடும்பமாக நூலகத்துக்கு வந்து, கையால் ஏதாவது செய்து, திரும்பும்போது கையில் புத்தகத்தோடு போகிற பின்னேரங்கள், ஆண்டுக்கு ஏழு.

தேசிய வாசிப்பு மாதம் ஒக்டோபரில் வருகிறது. வன்னிக்கு அது காலபோக விதைப்புக் காலம். புழுதி விதைப்பு முடித்தவர்கள் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முடிக்காதவர்கள் உழவு இயந்திரத்துக்கு அலைந்துகொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் நூலகத்தில் விழா வைத்தால், பள்ளிக்கூடத்திலிருந்து சீருடையோடு கூட்டிவரப்பட்ட பிள்ளைகள்தான் கதிரைகளை நிரப்புவார்கள். தாய் தகப்பனைக் காணமுடியாது. விழா வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது குடும்பங்களுக்கான நிகழ்ச்சி ஆகாது என்பதைத்தான் சொல்கிறோம்.

எங்கள் கணக்கில் நல்ல மாதங்கள் மார்ச் தொடக்கம் செப்டெம்பர் வரை. அதற்கு முன் அருவி வெட்டு, அதற்குப் பின் விதைப்பு, நவம்பர் டிசம்பரில் மழையும் வெள்ளமும். இடைப்பட்ட மாதங்களில் சிறுபோகம் குளத்துத் தண்ணீரைப் பொறுத்துக் குறைந்த பரப்பில்தான் நடக்கும். திகதி குறிக்கும்போது சித்திரைப் புத்தாண்டு வாரம், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஜூலை 2, ஓகஸ்ட் 15 ஆகிய மடுத் திருவிழா நாட்கள் எல்லாவற்றையும் விலக்குங்கள். ஞாயிறு காலை அறநெறி வகுப்பு. ஆகவே சனிக்கிழமை, பிற்பகல் 2.30 தொடக்கம் 4.30 வரை. முடியும் நேரத்தைக் கடைசி பஸ்ஸைக் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஒரு பின்னேரத்துக்கு 15 குடும்பங்கள், ஏறத்தாழ 45 பேர். அதற்கு மேல் போனால் வாசிப்பு அறை தாங்காது, சொல்வது பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது. மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கிப் பாய் விரித்தால் போதும். கதிரைகள் வாடகைக்கு எடுக்க வேண்டாம். கதிரையில் பெரியவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள். பாயில் இருந்தால் பிள்ளையோடு சேர்ந்து குனிவார்கள். அறிவித்தல் பலகையை நம்பவும் கூடாது. முன்பள்ளி ஆசிரியையும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தாரும் வாயால் சொன்னால்தான் சனம் வரும்.

இரண்டு மணித்தியாலத்தில் முதல் 20 நிமிடம் உரத்து வாசித்தல், பிறகு 40 நிமிடம் கைவேலை, நடுவில் 30 நிமிடம் தேநீரும் புத்தக இரவலும், மிச்சத்தில் வேலையை முடித்து எல்லோருக்கும் காட்டுதல். இரவலைக் கடைசிக்கு விட்டால் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் பாதிப்பேர் வெறுங்கையோடு போய்விடுவார்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தடித்த அட்டைப் புத்தகங்களோடு ஒரு மூலையில் தனிப் பாய் போடுங்கள். அவர்களை 20 நிமிடம் இருத்தி வைக்க முயன்றால் தாயின் பின்னேரமும் கெட்டுப்போகும்.

தொடங்குவதற்கு நாங்கள் பரிந்துரைக்கும் கைவேலை ஒற்றைத்தாள் புத்தகம். ஏ-4 தாள் ஒன்றை நீளவாக்கில் மடித்து விரிக்க வேண்டும். பிறகு குறுக்காக இரண்டாக மடித்து, மறுபடியும் குறுக்காக மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் தெரியும். இப்போது குறுக்காக ஒருமுறை மட்டும் மடித்து, மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டு வழியே அடுத்த மடிப்புக்கோடு வரை வெட்டுங்கள். விரித்துப் பார்த்தால் தாளின் நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு பிளவு இருக்கும். மீண்டும் நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் பிடித்து உள்ளே தள்ளினால் பிளவு வாய் திறக்கும், தாள் சிலுவைபோல் நிற்கும். அதைச் சுற்றி மடக்கினால் எட்டுப் பக்கப் புத்தகம். பசையும் வேண்டாம், நூலும் வேண்டாம்.

பிழை பெரும்பாலும் வெட்டும்போதுதான் நடக்கிறது. திறந்த பக்கத்திலிருந்து வெட்டினால் இரு முனைகளும் பிளந்து நடு ஒட்டியபடி நிற்கும், புத்தகமாகாது. கத்தரிக்கோலை எடுக்குமுன் "மடிப்பு உங்கட வயிற்றைப் பார்க்கட்டும்" என்று சொல்லி, ஒவ்வொருவரின் தாளையும் ஒருமுறை பார்த்துவிட்டால் இது நடக்காது. அடுத்த பிழை, மடிக்கமுன் எழுதிவிடுவது. அப்படி எழுதினால் பாதிப் பக்கங்கள் தலைகீழாக வரும். முழுவதும் மடித்து, பக்க எண்களைப் பென்சிலால் போட்ட பிறகுதான் எழுத வேண்டும். 80 கிராம் தாளே நல்லது. பிரிஸ்டல் அட்டை மடிப்பில் வெடிக்கும். பெல்ற் பேனா மை மறுபக்கம் ஊறினாலும் கவலையில்லை, அந்தப் பக்கம் உள்ளே மறைந்துவிடும். எல்லாம் தாளின் ஒரே பக்கத்தில் இருப்பதால் விரித்து ஒரு போட்டோக்கொப்பி எடுத்தாலே முழுப் புத்தகத்துக்கும் பிரதி கிடைக்கும். ஒன்று வீட்டுக்கு, ஒன்று நூலகத்துக்கு.

அட்டையில் தலைப்பும் ஊரின் பெயரும். உள்ளே ஆறு பக்கம், பக்கத்துக்கு ஒரு வசனம். அம்மம்மா கதை சொல்ல, தாயோ தகப்பனோ எழுத, பிள்ளை படம் கீறட்டும். கடைசிப் பக்கத்தில் சொன்னவர், எழுதியவர், கீறியவர் பெயர்களும் திகதியும். நூலகப் பிரதிக்குப் பதிவேட்டில் இலக்கம் கொடுத்து, நாட்டார் கதைகளுக்குரிய நூலகப் பகுப்பெண்ணான 398.2 இன் கீழ் வையுங்கள். அலுமாரியில் மெல்லிய புத்தகம் காணாமற் போகும். கயிறு கட்டி உடுப்புக் கிளிப்பால் தொங்கவிட்டால் வருகிற எல்லோர் கண்ணிலும் படும்.

ஒரு விடயத்தில் மிகுந்த கவனம் தேவை. வெளியிடங்களுக்கென்று எழுதப்பட்ட கைநூல்களில் "பழைய குடும்பப் படம் கொண்டுவாருங்கள்", "குடும்ப மரம் வரையுங்கள்" என்ற பயிற்சிகள் முதலிலேயே இருக்கும். வன்னியில் இவற்றைச் செய்யாதீர்கள். 2009க்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் பல. குடும்ப மரத்தில் எந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவது என்று ஒரு பிள்ளை பொது இடத்தில் யோசிக்கும் நிலையை நாங்கள் உண்டாக்கக் கூடாது. "உங்கட வீட்டில கதை சொல்லுறது ஆர்?" என்று கேளுங்கள். அதற்கு எந்தப் பிள்ளைக்கும் பதில் இருக்கும். பக்கத்து வீட்டு ஆச்சி என்றாலும் சரிதான்.

ஊர் வரைபடமும் வன்னிக்கு நன்றாகப் பொருந்தும். நான்கு டிமை தாள்களைப் பின்பக்கத்தில் ஒட்டிப் பாயில் விரித்து, முதலில் குளத்தையும் வாய்க்காலையும் கீறச் சொல்லுங்கள். ஒழுங்கைகள் தாமாக வரும். பிறகு பெயர்கள். குளம், மடு, முறிப்பு, கேணி என்று முடியும் பெயர்கள் ஏன் வந்தன என்று பிள்ளைகள் கேட்க, முதியவர்கள் சொல்வதை ஓரத்தில் எழுத வேண்டும். ஒரு பெயருக்கு இரண்டு விளக்கம் வந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

தகப்பன்மார் கதை கேட்க என்று அழைத்தால் வருவது குறைவு. ஓலை, சத்தகம் (ஓலை வாரும் சிறு கத்தி), காற்றாடி என்றால் வருவார்கள். குருத்தோலையை முதல்நாளே வார்ந்து, ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். காய்ந்த ஓலை பின்னும்போது வெடிக்கும். சத்தகம் பெரியவர்கள் கையில் மட்டும்.

முதியவரின் பாட்டையோ கதையையோ பதிவதானால் தொலைபேசியே போதும். அனுமதி கேட்டு, மின்விசிறியை நிறுத்தி, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, தொடக்கத்தில் ஊரையும் திகதியையும் சொல்லிப் பதியுங்கள். தகரக் கூரையில் மழை விழும்போது பதிவதில் பயனில்லை.

கிழிந்த புத்தகங்களைத் திருத்தும் பின்னேரம் ஒன்றும் இருக்கட்டும். செலோரேப் வேண்டாம், சில ஆண்டுகளில் மஞ்சளாகி, பசை எழுத்தில் ஊறிவிடும். கோதுமை மாப் பசையும் வேண்டாம், கரப்பானையும் வெள்ளிப்பூச்சியையும் அழைத்துவரும். வெள்ளைப் பசையைத் தூரிகையால் மெல்லப் பூசி, பக்கங்களுக்கிடையில் எண்ணெய்த்தாள் வைத்து, இரவு முழுவதும் பாரம் ஏற்றிவைத்தால் போதும்.

இவ்வளவும் நடந்தாலும் ஓர் இடத்தில் எல்லாம் நின்றுவிடலாம். அது புத்தக அலுமாரியின் பூட்டு. ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒரு புத்தகம் குறைந்தால் தான் பதில் சொல்லவேண்டி வரும் என்று நூலகர் பயப்படுகிறார். அந்தப் பயம் நியாயமானது. எனவேதான் வைப்புப் பணம், பிணைக் கையொப்பம், ஆளுக்கொரு அட்டை எல்லாம். இதை நூலகரால் மாற்ற முடியாது. உங்களால் முடியும். உள்ளூராட்சித் திணைக்களத்தின் ஒப்புதலோடு சபையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள்: வீட்டுக்கு ஒரு குடும்ப அட்டை, ஒரே ஒரு கையொப்பம், வைப்புப் பணம் இல்லை, ஐந்து புத்தகம், அடுத்த பின்னேரம் வரை தவணை, சிறுவர் நூல்களுக்குத் தண்டப்பணம் இல்லை. சிறுவர் நூல்களில் ஆண்டுக்கு எவ்வளவு வரை தொலைந்தாலோ கிழிந்தாலோ பதிவழிக்கலாம் என்ற எல்லையையும் அதில் எழுதிவிடுங்கள். கிழியாத சிறுவர் நூல் என்றால் யாரும் வாசிக்காத நூல் என்றே நாங்கள் கருதுகிறோம்.

ஏழு பின்னேரங்களுக்கும் தேவையானவை: ஏ-4 தாள் 500 கொண்ட கட்டு ஒன்று (ஒரு தடவைக்கு 60 போதும்), முனை மழுங்கிய கத்தரிக்கோல் 15, பென்சில் 50, வர்ணப் பென்சில் பெட்டி 15, டிமை தாள் 20, வெள்ளைப் பசை 1 கிலோ, தூரிகை 15, பெரிய பாய் 8, தடவைக்கு ஒன்றரைக் கிலோ கடலையும் தேநீரும், போட்டோக்கொப்பிச் செலவு. விலை அடிக்கடி மாறுவதால் அதை எழுதவில்லை. உங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் ஒரே நாளில் விலை கேட்டுவிடலாம். இவற்றோடு, அந்த ஏழு சனிக்கிழமைகளிலும் நூலகருக்கும் உதவியாளர் ஒருவருக்கும் மேலதிக நேரக் கொடுப்பனவு அல்லது பதில் விடுமுறை. இதை விட்டுவிட்டால் இரண்டாவது மாதமே சோர்வு வரும்.

பாதீட்டுக் கூட்டத்தில் இந்தச் செலவினமும் அந்தத் தீர்மானமும் ஒன்றாக வரட்டும். மார்ச் மாத முதற் பின்னேரத்துக்குத் தாள் மடிக்கக் காட்டித்தர ஆள் வேண்டுமென்றால் உங்கள் நூலகர் ஊடாகச் சொல்லியனுப்புங்கள், வருகிறோம்.

இங்ஙனம்,
வன்னியின் நூலகங்களிலும் முன்பள்ளிகளிலும் பணிசெய்வோர் சிலர்