விளையாட்டுப் பயிற்சி மையங்களில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு கோரி மனு

அனுப்புநர்
ஒரு தடகள மாணவியின் தாய், திண்டுக்கல்.
(மகளின் நலன் கருதி, பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன்.)

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், திண்டுக்கல்.

பொருள்: தனியார் விளையாட்டுப் பயிற்சி மையங்களில் குழந்தைப் பாதுகாப்பு விதிகளை நடைமுறைப்படுத்தக் கோருதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

என் மகளுக்கு 14 வயது. நீளம் தாண்டுபவள். போன டிசம்பரில் வெளியூர்ப் போட்டிக்கு ஒன்பது பிள்ளைகளைப் பயிற்சியாளர் ஒருவரே வேனில் கூட்டிப் போனார். துணைக்கு ஒரு பெண் இல்லை. இரவு தங்கியது ஒரு கல்யாண மண்டபத்தில், அவரும் அதே ஹாலில். மகளுக்குத் தொடையில் தசை பிடித்துக்கொண்டபோது, "நான் தேய்த்துவிடுகிறேன்" என்றிருக்கிறார். இவள் "வேண்டாம் சார்" என்று எழுந்து தோழிகள் பக்கம் போய்விட்டாள். மறுநாள் போட்டிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

மையத்தில் கேட்டேன். "செலக்‌ஷன் நேரத்தில் பிரச்சினை பண்ணாதீங்கம்மா" என்றார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லிவிட்டேன், அது தனியாக நடக்கிறது. தினமும் ஐந்து மணிக்கே எழுந்து மண் தட்டி வைப்பாளே, அந்த ஸ்பைக்ஸ் ஷூ இப்போது பரண்மேல் கிடக்கிறது. இந்த மனு மற்ற எட்டுப் பிள்ளைகளுக்காகவும்தான்.

2020-ஆம் ஆண்டு போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) விதிகள் விளையாட்டு அகாடமிகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. ஒப்பந்தப் பணியாளர் உட்பட எல்லோருக்கும் அவ்வப்போது போலீஸ் சரிபார்ப்பு வேண்டும், குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை வேண்டும் என்கின்றன. எங்கள் மையத்தில் இரண்டும் இல்லை. 2021-ல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோவில் கைதானபோது, முன்னாள் மாணவிகள் வளர்ந்த பிறகே வாய் திறக்க முடிந்தது. ஏன் என்று எனக்கு இப்போது புரிகிறது. பயிற்சி தருபவர், அணியில் எடுப்பவர், படிவத்தில் கையெழுத்துப் போடுபவர் எல்லாம் ஒரே ஆள். அவரைப் பற்றி அவரிடமேவா பிள்ளை புகார் சொல்லும்?

அரசு மைதானத்தையும் பள்ளி மைதானத்தையும் பயன்படுத்த அனுமதி கேட்டு இந்த மையங்கள் அதிகாரிகளிடம்தான் வருகின்றன. போலீஸ் சரிபார்ப்புச் சான்று காட்டாத மையத்துக்கு அனுமதி தரவேண்டாம். மாணவிகள் போகும் வெளியூர்ப் பயணத்தில் ஒரு பெண் பொறுப்பாளர் கட்டாயம் இருக்கவும், பயிற்சியாளர் வேறு அறையில் தங்கவும் உத்தரவிட வேண்டும். அப்புறம், புகார் மையத்துக்குள்ளேயே முடங்காமல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேராகப் போகும்படி, அந்த அலகின் எண்ணையும் 1098-ஐயும் மைதான வாசலில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பையன்களுக்கும் இதே பாதுகாப்பு வேண்டும், அவர்கள் இன்னும் குறைவாகத்தான் வாய் திறப்பார்கள்.

கோடை முகாம்கள் தொடங்கும் முன்பே நடவடிக்கை எடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)