பச்சை வாளியும் செம்மஞ்சள் வாளியும் ஒரே வண்டியிலா?

மதிப்புக்குரிய உபவேந்தர் அவர்களுக்கும் வளாகப் பராமரிப்புப் பிரிவினருக்கும்,

வணக்கம். கன்டீனுக்குப் பின்னால் உள்ள மூன்று கூட்டுப்பசளைத் தொட்டிகளையும் மூடச் சொல்லிப் போன வாரம் அறிவித்தல் ஒட்டியிருக்கிறீர்கள். நாற்றமும் இலையானும் காரணம் என்று அதில் இருக்கிறது. நாற்றம் அடித்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் தொட்டியை மூடிய பிறகும் சோறு மிஞ்சாமல் விடவில்லை. அதே சோறும் கறியும் இப்போது கறுப்புப் பையில் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து மாநகர சபை வண்டிக்குப் போகிறது. நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: உணவுக் கழிவுக்குத் தனியாக ஒரு தள்ளுவண்டி தாருங்கள், தொட்டிகளுக்குக் கூரை போட்டு மறுபடி திறந்துவிடுங்கள்.

வளாகமெங்கும் நிறம் நிறமாக வாளி வைத்திருக்கிறது. பச்சை உணவுக்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு. மாணவர்களும் முதலில் பார்த்துப் பார்த்துத்தான் போட்டார்கள். பின்னேரம் வரும் வண்டி ஒன்றுதான். பச்சையும் நீலமும் செம்மஞ்சளும் அதற்குள்தான் கவிழ்கின்றன. அதை ஒரு தடவை கண்ட பிள்ளை அடுத்த நாள் எந்த வாளி கிட்ட இருக்கிறதோ அதில் போடுகிறது. பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

இதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதைத் தயவுசெய்து ஒரு நாள் பகல் இரண்டரை மணிக்கு வந்து பாருங்கள். கன்டீன் பின்வாசலில் துப்புரவு வேலை செய்யும் அம்மாமார் குந்தியிருந்து, கட்டிய பையை அவிழ்த்து, சாப்பாட்டுப் பார்சல்களை ஒவ்வொன்றாக விரிக்கிறார்கள். பார்சல் சுற்றும் மெல்லிய பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட்டில் ஒட்டிய சோற்றை விரலால் வழித்து ஒரு பக்கம் தள்ளுகிறார்கள். அதற்குள் யோகட் கப் இருக்கும், பல்குத்தி இருக்கும், கோழி எலும்பு இருக்கும், சில நாள் உடைந்த கிளாஸ் துண்டும் இருக்கும். கொடுத்திருக்கும் மெல்லிய கையுறை முதல் பையிலேயே கிழிந்துவிடும், மிச்சம் வெறுங்கைதான். பிறகு பருப்பும் சொதியும் ஒழுகும் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அந்தத் தண்ணீர் உடுப்பில் வடிகிறது. அதோடுதான் பஸ் ஏறி வீடு போகிறார்கள். பிரித்துப் போடும் வேலை 10 செக்கனில் சாப்பிட்டவர் கையால் முடிய வேண்டியது. அதை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவர்கள் தலையில் கட்டியிருக்கிறோம். இது சரியில்லை.

இனி, அந்தத் தொட்டி ஏன் நாறியது? கூட்டுப்பசளை தன்பாட்டில் நாறுவதில்லை. சமைத்த சோற்றில் பெரும்பகுதி தண்ணீர்; கறியில் தேங்காய்ப்பாலும் எண்ணெயும் வேறு. அதை மட்டும் கொட்டினால் களிபோல இறுகிவிடும், காற்று புகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் பக்டீரியாக்கள்தான் அந்த அழுகிய முட்டை நாற்றத்தைக் கிளப்புகின்றன. நம் தொட்டிகளுக்குச் சுற்றிவரச் சீமெந்துச் சுவர், கீழே சீமெந்துத் தரை, தண்ணீர் வடிய ஒரு துளைகூட இல்லை. மேலே கூரையும் இல்லை. மே மாத மழை முழுவதும் உள்ளேதான் தேங்கியது. பழுது தொட்டியைக் கட்டிய விதத்தில், அதைத் திருத்தலாம்.

கன்டீனில் கோப்பை திருப்பிக் கொடுக்கும் இடத்தில், அடியில் துளையிட்ட வாளியை இன்னொரு வாளிக்குள் இறக்கி வைத்தால் குழம்பு கீழே வடிந்துவிடும். வடிந்த கழிவு ஒரு வாளிக்குக் காய்ந்த இலை இரண்டு அல்லது மூன்று வாளி. இதில்தான் எல்லோரும் கைவிடுவது, இலை குறைந்தால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. தொட்டியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சுள்ளி பரப்ப வேண்டும், காற்றுப் போவதற்கு. மீன் முள்ளும் எலும்பும் மேலே கிடந்தால் எலியும் காகமும் வரும், ஆகவே நடுவில் புதைத்து இலையால் மூட வேண்டும். ஒரு மீற்றர் உயரத்துக்குக் குவியல் வந்தால்தான் உள்ளே சூடு பிடிக்கும், 55 பாகை செல்சியசுக்கு மேல் போகும். இரும்புக் கம்பியைச் செருகிச் சில நிமிடம் கழித்து இழுத்தால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுத்தான் விழ வேண்டும்; ஒழுகினால் இன்னும் இலை போட்டுக் கிளறுங்கள். வாரம் ஒரு தடவை புரட்டினால் மூன்று, நான்கு மாதத்தில் மண்வாசனையோடு பசளை கிடைக்கும். ஒன்று நிரம்பும்போது மற்றது புரட்டப்பட, மூன்றாவது ஆறிக் கிடக்கும். தொட்டி மூன்று கட்டியதே அதற்காகத்தான்.

இலைக்கு எங்கே போவது என்று கேட்கலாம். விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் காலையில் கூட்டிக் குவித்து எரிக்கிறார்களே, அந்த இலைதான். தொட்டி இலையில்லாமல் நாறுகிறது, இலையோ புகையாகி விடுதி யன்னலுக்குள் போகிறது. சுற்றாடல் தினத்தன்று நட்ட கன்றுகளின் அடியில்கூட அந்தச் சருகு ஒரு பிடி இல்லை. மண் வெடித்துக் கிடக்கிறது. லஞ்ச் ஷீட் 2017 செப்டெம்பரிலிருந்து இந்த நாட்டில் தடை. ஆனாலும் நம் கன்டீனில் பார்சல் அதில்தான் சுற்றித் தருகிறார்கள். கன்டீன் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் நிற்கக்கூடியதற்கு இத்தனை வருடமா?

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டோம், மன்னிக்க வேண்டும். ஆனால் இது கொழும்பு. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீத்தொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மண்ணோடு போனதை இந்த நகரத்தில் யாரும் மறக்கவில்லை. ஈரச் சோற்றையும் பொலித்தீனையும் ஒரே பையில் கட்டி வாசலுக்கு வெளியே அனுப்பும்போது, அது இன்னொருவர் வீட்டுக்குப் பக்கத்தில்தான் போய்ச் சேரும்.

செலவு பெரிதில்லை. மூன்று தொட்டிக்கும் சேர்த்து, நாலு பக்கமும் அரை மீற்றர் வெளியே நீளும் தகரக் கூரை. சுவரின் அடிவரிசையில் துளைகள். தண்ணீர் வடிய ஒரு கான். பச்சை நிறத்தில் ஒரு தள்ளுவண்டி. அம்மாமாருக்கு முழங்கை வரை வரும் தடித்த இறப்பர் கையுறை. இலை கொண்டுவரவும் புரட்டவும் மாணவர்கள் முறை வைத்து வருவார்கள், பெயர்ப் பட்டியல் தயாராக இருக்கிறது. அம்மாமாருக்கு மேலதிக வேலையாக இதைக் கொடுத்துவிட வேண்டாம் என்பதும் எங்கள் வேண்டுகோள்.

தனி வண்டியும் கூரையும், இரண்டும் சேர்ந்தே வேண்டும். கலந்து வந்தால் கூரைக்குக் கீழேயும் நாறும். பிரித்து வந்தாலும் மழையில் நனைந்தால் பழைய கதைதான். ஒக்டோபரில் அடுத்த மழை தொடங்கிவிடும். அதற்கு முன் கூரை ஏற வேண்டுமென்றால் இந்த மாதமே அனுமதி வேண்டும். பணிவோடு கேட்கிறோம், தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வளாகத்து மாணவரும் ஊழியரும்