லிங்கன் சொல்லாமல் விட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பேர்க் களத்தில், இறந்த வீரர்களின் மயானத்தை அர்ப்பணித்தபோது ஜனாதிபதி லிங்கன் ஆற்றிய உரை பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, அதன் சுருக்கத்தையே பெரிதும் புகழ்ந்திருந்தது. சரி, சுருக்கம்தான். 1863 நவம்பர் 19 அன்று முதன்மைப் பேச்சாளரான எட்வேர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசி முடித்தபின் எழுந்த லிங்கன், ஏறக்குறைய 270 சொற்களோடு அமர்ந்துவிட்டார். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அவர் சொல்லாமல் விட்டவை. அந்தக் களத்தில் வென்றது அவருடைய படை. அப்படியிருந்தும் எதிரியின் பெயர் இல்லை, வெற்றி என்ற சொல் இல்லை, தளபதி எவருக்கும் பாராட்டு இல்லை. இந்நிலத்தைப் புனிதமாக்க நம்மால் இயலாது, இங்கே போராடியவர்களே அதைச் செய்துவிட்டார்கள் என்று, பேசுபவர் தம்மை இறந்தவர்களுக்குக் கீழே வைத்துக்கொள்கிறார். அதுவும் போரைத் தொடரச் சொன்ன உரைதான், அதை மறப்பதற்கில்லை. என்றாலும் மேடையைத் தமக்கென எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊரில் கடந்த ஆண்டு நடந்த நினைவேந்தல் ஒன்றில் ஐந்து பேர் பேசினார்கள். அதில் இருவர் மற்றக் கட்சிக்காரரைத் திட்டவே ஒலிவாங்கியைப் பிடித்தார்கள். மகனின் படத்தை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா, விளக்கேற்ற ஒன்றரை மணி நேரம் பிளாஸ்டிக் கதிரையில் காத்திருந்தார். மழை வேறு. ஏற்பாட்டாளர்கள் இனியாவது முதலில் விளக்கேற்ற விடட்டும். அப்புறம் ஒரேயொருவர், ஐந்து நிமிடம் பேசினால் போதும். அவரும் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்தவராக இருக்கட்டும்.

வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்